பூனைமேல் போட்ட பழி

லார்ன்,

நான் வேலைக்குக் கிளம்பிட்டேன். பக்கத்து வீட்டு ஃபெடொருக் அம்மா குடுத்த பியரோகி, அதான் அந்த உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை, ஃப்ரிட்ஜுல இருக்கு, வெங்காயம் போட்டு வதக்கிச் சாப்பிடு. உங்கண்ணன் வந்தா அவருக்கும் வை.

உன் கம்ப்யூட்டர் விஷயம். நீ வேகத்தைக் கூட்டிவிட்டதும் அது கொதிச்சுக் கொதிச்சு அணைஞ்சு போச்சு. எல்லாத்துக்கும் நம்ம பூனை மிட்டனோட முடிதான் காரணம்னு, அவளை எங்கம்மா வீட்டுல விடச் சொல்லி நேத்து கத்தினியே.

இன்னிக்கு மத்தியானம் திறந்து பார்த்தேன். உள்ள ஒரு முடிகூட இல்ல. ஆன் பண்ணிட்டு, சூட்டைத் தணிக்கத் தண்ணி போற ரெண்டு குழாயையும் தொட்டேன். ஒண்ணு சுட்டுது, இன்னொண்ணு ஜில்லுன்னு இருந்தது. அப்படின்னா தண்ணி ஓடவே இல்ல. தண்ணியை ஓட்டுற பம்ப்போட ஒயரைத் தேடினா, அது எதுலயும் மாட்டாம சும்மா தொங்குது. கலர் கலரா மின்னுற விளக்கு ஒயரை மட்டும் பக்காவா மாட்டியிருக்க. ஆடத் தெரியாதவன் மேடை கோணல்னானாம்.

மாட்டிவிட்டேன். இப்ப சூடு அறுபது டிகிரியைத் தாண்டல. இன்னிக்கு கேம் போட்டியில தாராளமா விளையாடு. ஆனா அதுக்கு முன்னாடி மிட்டன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும், வாய்விட்டு. உங்கண்ணன்தான் சாட்சி. ஃபோன்ல சொல்லிட்டேன், மனுஷன் இன்னும் சிரிச்சு முடிக்கல.

இங்க்ரிட்

பி.கு.: அவ உன் நாற்காலியில தூங்குறா. எழுப்பாதே, ஸ்டூல் போட்டு உக்காந்து விளையாடு.

இன்னொண்ணு: என்கிட்ட தனியா மன்னிப்புக் கேக்க வேண்டாம். அவகிட்டயே எனக்கும் சேர்த்துக் கேட்டுடு, அவ என்கிட்ட சொல்லிடுவா.