சும்மா கிடந்த பொட்டல்

சேசு மரி சூசை

கண்டரமாணிக்கம்
18-11-1974

அன்பு மகன் பிலவேந்திரனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த அபுதாபி வெயிலில் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடிக்கொள்கிறேன். நீ அனுப்பிய போட்டோ வந்தது, மணலுக்கு நடுவே தக்காளிச் செடியும் பம்புசெட்டுமாக நிற்கிறாய், ஆனால் கன்னமெல்லாம் ஒட்டிப்போய்விட்டது, தக்காளிக்குப் போடுகிற உரத்தில் கொஞ்சம் உனக்கும் போடச் சொல். அப்பா அதைச் சட்டம் போட்டு மாட்டி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினார், இப்போது காட்டுவதற்கு யாரும் வருவதில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

"இங்கே வெறும் மணலையே தோட்டமாக்குகிறார்கள், ஊரணிக்கு வடக்கே நம் பொட்டல் ஏன் சும்மா கிடக்கிறது" என்று கோடையில் நீ எழுதியிருந்தாயே, அதை அப்பா எத்தனை தடவை வாசித்தாரோ தெரியாது. அவரையும் குற்றம் சொல்ல முடியாது, அரிசி விலையைக் கேட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது, ரேஷன் கடையில் கோதுமைகூட ஒருநாள் இருந்தால் ஒருநாள் இல்லை, பாதி வீடுகளில் மத்தியானத்துக்கு மரவள்ளிக்கிழங்குதான். பட்டா நம் பெயரில் இருக்க, ஜனம் பட்டினி கிடக்க, பொட்டலைப் பார்த்துக்கொண்டிருப்பது பாவம் என்றார். சரளையைக் கொத்திப் புரட்டி, கண்மாயிலிருந்து கரம்பை மண் அடித்து, நாலு பக்கமும் இடுப்பு உயரத்துக்கு வரப்புப் போட்டு வரகு விதைத்தார். பயிர் பச்சைப் பசேல் என்று வந்திருக்கிறது, பொய் சொல்லக் கூடாது, எனக்கும் பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் மகனே, அது சும்மா கிடந்த நிலம் இல்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஒரு ஆள் போய் அந்தப் பொட்டலில் முள் பொறுக்கி ஆட்டுப் புழுக்கையைக் கூட்டுவோமே, நீயும் சின்னக் கூடையைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வருவாயே, மறந்துவிட்டாயா? அப்பாதான் விளக்குமாற்றோடு முதல் ஆளாகப் போவார். செய்து செய்து பழகிப்போய், எதற்காகச் செய்கிறோம் என்பதை எல்லோரும் மறந்துவிட்டோம். அந்த மண் இறுகிக் கிடந்ததால்தான் பெய்த மழை நிற்காமல் ஓடி, ஊரே குடிக்கிற ஊரணியில் விழுந்தது. இந்த வருஷமும் ஜனங்கள் விளக்குமாற்றோடு வந்தார்கள், வரப்பைப் பார்த்தார்கள், திரும்பிப் போய்விட்டார்கள்.

ஐப்பசியில் நல்ல மழை பெய்தும் தண்ணீர் அத்தனையும் நம் வரப்புக்குள் செக்கச்செவேல் என்று நின்றது, ஊரணிக்கு வரத்தே இல்லை. ஊரணியின் கடைசிப் படிக்குக் கீழே பாசி பிடித்துக் கொஞ்சம் கிடக்கிறது, தை பிறந்தால் அதுவும் சேறுதான். கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு என்பது உனக்கே தெரியும். பங்குனியில் உன் தங்கை சூசைமேரி தலைப்பிரசவத்துக்கு வருகிறாள், வா என்று எழுதுவதா, வராதே என்று எழுதுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். பெற்றவள் எழுதுகிற எழுத்தா இது?

யாராவது சண்டைக்கு வந்தால்கூடப் பரவாயில்லை என்றிருக்கிறது. பூசை முடிந்து வெளியே வந்தால் எங்களைச் சுற்றி இடம் விட்டு நிற்கிறார்கள். எதிர்வீட்டுப் பொன்னுத்தாயி ஒருத்திதான் வாயைத் திறந்தாள். "அக்கா, நீங்க மழையவே கட்டிப் போட்டுட்டீக, நாங்க குடத்தைத் தூக்கிக்கிட்டு எங்குட்டுப் போறது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. போன வாரம் ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு மண்வெட்டி சாத்தியிருக்கிறது, புதுப் பிடி போட்டது. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அப்பா சொல்லிவிட்டார். மறந்தவர் யாரும் தேடி வரவில்லை. வரப்பை நீங்களாக வெட்டுகிறீர்களா, நாங்கள் வெட்டவா என்று கேட்டு வைத்திருக்கிறார்கள், அது அவருக்கும் தெரியும், அன்றிலிருந்து அரிவாளோடு வரப்பில்தான் படுக்கை.

தென்பக்கத்து வரப்பை இரண்டு இடத்தில் வெட்டிவிட்டால் போதும், அடுத்த மழைக்கு ஊரணி பாதியாவது நிறையும். வரகு போகும், போகட்டும். நான் சொன்னால், "பாலைவனத்தையே பார்த்தவன் என் மகன், உனக்கு என்ன தெரியும்" என்கிறார் அப்பா. நீ இருக்கிற ஊரில் பூமிக்குள்ளிருந்து தண்ணீர் இறைக்கிறீர்களே, அது யார் வீட்டுக் குடத்துக்குப் போக வேண்டியதோ, அதையும் ஒருநாள் யோசித்துப் பார். இதைப் பார்த்ததும் வரப்பை வெட்டுங்கள் என்று அப்பாவுக்குத் தந்தி கொடு. உன் சொல்லால் போட்ட வரப்பு, உன் சொல்லுக்குத்தான் விழும்.

எண்ணெய் தேய்த்துக் குளி, சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, படுக்குமுன் செபமாலை சொல். தேவமாதா உன்னைத் தன் முந்தானையில் வைத்துக் காப்பாற்றட்டும். தந்தியை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
அற்புதம்மாள்

பி.கு. கடிதத்தை ஒட்டப் போகும்போது வடகிழக்கில் இடி கேட்கிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து நீ தந்தி கொடுப்பதற்குள் மழை வந்து போய்விடும். மண்வெட்டியைத் தூக்கிப் பார்த்தேன், பிடி என் கைக்குச் சரியாகத்தான் இருக்கிறது.