நாரை பேசுகிறது

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் நேற்று உனக்குப் பதிலாக என் மணிக்கட்டில் கட்டிய நோயாளிப் பட்டையைக் கத்தரித்து மேசைமேல் வைத்திருக்கிறேன். சீருடையை ஒருநாளும் தொடாதவன் நான்.

"சார், கையை நீட்டுங்க. மேடம் அப்படி உக்காரட்டும்" என்றார் பதிவுமேசைக்காரர். நோயாளி நீ என்றதும், "வீரரோட மனைவின்னா பக்கத்துக் கவுண்ட்டர்" என்றார். படையில் இருந்தது நான்தான் என்று நீயே வாய்திறந்து சொன்ன பிறகும், "லேடீஸ் யாரும் சண்டையில நிக்கலையே மேடம், குண்டுச் சத்தத்துல காது எப்படிப் போகும்?" என்று சிரித்தார். உன் இடது காது போய்விட்டது. வலது காதுக்காவது இந்த மாதமே அறுவைச் சிகிச்சை வேண்டும். அதை அவர் காதில் வாங்கவே இல்லை.

நான் கத்தவில்லை. கத்துவது அவருக்குச் செய்யும் மரியாதையாகிவிடும். தலைமை மருத்துவரை நேரில் பார்க்கப் போகிறேன்.

உன் தம்பி


மார்ச் 7

தம்பி,

போகாதே. மறுபடி சொல்கிறேன், போகாதே. எதையும் இரண்டு முறை சொல்வதால் உன் பிள்ளைகள் என்னை 'எதிரொலி அத்தை' என்பது தெரியும். வயர்லெஸ்ஸில் பழகிய வாய், அப்படித்தான் வரும்.

நான் யாரென்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இந்தக் காதும் போனால் உன் சொற்பொழிவிலிருந்து தப்பித்தேன் என்று நினைத்துக்கொள்கிறேன். பட்டையைக் குப்பையில் போடு. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 12

அக்கா,

உன் பேச்சை மீறிப் போனேன். பதிவுமேசையில், "அவள் வயர்லெஸ் பிரிவு. களத்தில் அவள் பெயர் நாரை" என்றேன். சக்கர நாற்காலியில் காத்திருந்த ஒருவர் சட்டென்று திரும்பினார்.

"நாரையா? உயிரோட இருக்காங்களா சார்? புகையில எங்களுக்கு ஒண்ணும் தெரியல. 'இடப்பக்கமா வாங்க, மறுபடி சொல்றேன், இடப்பக்கமா வாங்க'ன்னு அந்தக் குரல் மட்டும்தான். அவங்க இருந்த கட்டடத்து மேலயே குண்டு விழுது, எங்களுக்குக் கேக்குது. குரல் நடுங்கவே இல்ல. கடைசி ஆள் வந்து சேர்ற வரைக்கும் வயர்லெஸ் செட்டை விட்டு எந்திரிக்கல. முகத்தைத்தான் நாங்க பார்த்ததே இல்ல."

நாங்கள் சாப்பாட்டு மேசையில் கேலி செய்த அந்த இரண்டாவது முறையைப் பற்றிக்கொண்டு ஒரு படைப்பிரிவே உயிரோடு திரும்பியிருக்கிறது. நீ ஒருநாள்கூடச் சொன்னதில்லையே.

மேசைக்காரர் எழுந்து நின்றார். வரும் செவ்வாயன்று உன்னைப் பார்ப்பதாகத் தலைமை மருத்துவர் சொன்னார். பதிவுக்கு நீயே வரவேண்டுமாம். அந்த மனிதரும் அவருடைய கூட்டாளிகளும் அன்று கூடத்தில் இருப்பார்களாம், குரலைக் கேட்டால் போதுமாம்.

என் கோபம் தணியவில்லை. நீ சொன்னபோது கிடைக்காத நாள், ஓர் ஆண் சாட்சி சொன்னதும் கிடைத்தது. இருந்தாலும் வா.

தம்பி


மார்ச் 14

தம்பி,

வருகிறேன். மறுபடி சொல்கிறேன், வருகிறேன்.

மேசையில் நான் பேசிக்கொள்கிறேன். நீ வாயைத் திறக்காதே. கையையும் நீட்டாதே.

நாரை