சிலோன் மழைக்கு எடுத்து வைத்த விறகு

அன்பு மகளுக்கு,

எழுத்து கோணல்மாணலாக ஏறி இறங்கும், பொறுத்துக்கொள். இது அப்பாவின் சொந்தக் கை. தேயிலைக்கு விலை இல்லாமல் பேக்டரி பாதி நாள் மூடிக் கிடக்கிறது. அதனால் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் முதியோர் வகுப்புக்குப் போக நேரம் கிடைத்தது.

உன்னை அங்கே சிலோனில் கட்டிக்கொடுத்துவிட்டு, நாங்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிய நாளிலிருந்து தினமும் இலங்கை ரேடியோவில் வானிலை கேட்கிறோம். பிறரை வைத்துக் கடிதம் எழுதியபோது இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

போன வாரம் உங்கள் மலைநாட்டில் கனமழை என்றார்கள். இங்கே நெல்லியாளத்தில் சுள்ளென்று வெயில். அம்மா விறகையெல்லாம் உள்ளே அடுக்கினாள்.

“சிலோன் மழைக்கு இங்க விறகு நனையுமாக்கா?” என்று பக்கத்து வீட்டு மாலதி சிரித்தாள்.

“என் மக அங்க நனையிறப்ப எனக்கு இங்க வெயில் தெரியலடி” என்றாள் அம்மா.

மறுநாள் இங்கேயும் கொட்டியது. லயத்து வரிசை வீடுகள் முழுக்க ஈர விறகு புகைந்தது, எங்கள் அடுப்பு மட்டும் நன்றாக எரிந்தது. இப்போது மாலதியே வந்து, “அக்கா, இன்னிக்குச் சிலோன் என்ன சொல்லுது?” என்று கேட்கிறாள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

நேற்று உங்கள் பக்கம் மண் சரியலாம் என்றார்கள். இது வந்து சேர்வதற்குள் அந்த மழை விட்டிருக்கும். ஆனாலும் உன் வீடு மண்மேட்டை ஒட்டியல்லவா இருக்கிறது? இனி மழை இருட்டினால் சாமான்களைப் பார்க்காதே. அம்மா இங்கே விறகை எடுக்கட்டும், நீ பிள்ளைகளை எடுத்துக்கொண்டு மேட்டை விட்டுத் தள்ளியிருக்கிற கோயிலுக்குப் போய்விடு.

ரேடியோ தீவுக்கெல்லாம் சொல்கிறது, உன் வீட்டைச் சொல்வதில்லை. அதை நீ எழுது. நானே படிப்பேன். மழையோ வெயிலோ, அடுத்த வாரமும் எழுதுகிறேன்.

கைநாட்டு வைக்காமல்,
உன் அப்பா