இருமல் மருந்து

என் மூத்த மகளுக்கு,

உன் அப்பாவை அடக்கம் செய்து ஒன்பது நாளாகிறது. எண்பத்தாறு வயதுவரை ஒரு ஞாயிறும் ஆராதனையைத் தவறவிடாதவர், குடும்பமே உயிரென்று இருந்தவர் என்று போதகர் புகழ்ந்து தள்ளினார். எல்லாம் நிஜம்தான். தினமும் மாலை ஜெபத்தில் பிள்ளைகளுக்காகப் பெயர் சொல்லி வேண்டுவார்.

நீ உன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து உன் பெயரை மட்டும் விட்டுவிட்டார். வாய் திறந்து கேட்க எனக்குத் துணிவில்லை. உன் பெயர் வரவேண்டிய இடத்தில் தினமும் இருமினேன். "சளி நெஞ்சுல கட்டியிருக்கு" என்று இருபத்திரண்டு வருஷமும் மருந்து வாங்கி வந்து, தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தார். அவ்வளவு பாசம்! நானும் குடித்தேன்.

நேற்று உன் தம்பி ஜெபம் நடத்தினான். அதே வரிசை, அதே பெயர்கள். நான் இருமினேன்.

கண்ணைத் திறந்து, "மருந்து தீந்துபோச்சாம்மா?" என்றான்.

உன் அம்மா