முன் சக்கரத்துக்குள் இருந்த மண்கட்டி

பிரேம் அப்பாவுக்கு,

கார் சாவியைத் தேட வேண்டாம். வண்டியை எடுத்துக்கொண்டு சேந்தமங்கலம் போகிறேன்.

"ஊட்டுக்காரி ஓட்டித்தானுங்க வண்டி நடுங்குது" என்று மூன்று மாதமாக ஊரெல்லாம் சொன்னீர்களே, நம் மலை ரோட்டின் எழுபது வளைவிலும் நடுங்காத ஸ்டியரிங் கீழே நேர் ரோட்டில் அறுபதைத் தாண்டினால் மட்டும் ஏன் நடுங்குகிறது என்று ஒருநாளாவது யோசித்தீர்களா? காலையில் முன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். ரிம்முக்கு உள்ளே நம் மரவள்ளிக் காட்டுச் சேறு ஒரே பக்கமாகக் காய்ந்து கல்லாகியிருந்தது. சக்கரம் ஒரு பக்கம் கனத்தால் வேகத்தில் உதறாமல் என்ன செய்யும்? வெள்ளிக்கிழமைதோறும் வெளிப்பக்கத்தை மட்டும் கழுவிப் பொட்டு வைத்த மகராசன் யார்?

முன்னால் கேட்கும் லொடலொட சத்தமும் உங்கள் கைங்கரியம்தான். எலுமிச்சை மிளகாய் கட்ட நம்பர் பிளேட் ஸ்க்ரூவைக் கழற்றியவர் திரும்ப முடுக்கவே இல்லை.

சாமைச் சோறு மூடி வைத்திருக்கிறேன். ரசத்தைச் சுட வைத்துக் குடியுங்கள், ராத்திரியெல்லாம் இருமினீர்கள்.

பத்து மணிக்கு மெக்கானிக் வெங்கிடுசாமி அண்ணன் ஷாக் அப்சார்பர் மாற்ற வருவார். வேண்டாம் என்று நீங்களே சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால் அதையும் நீங்களே சொல்லுங்கள்.

கலைமணி

மறந்துவிட்டேன்: அந்த மண்கட்டி உங்கள் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் நம்பாவிட்டால் எடுத்துக் காட்டுங்கள்.