சம்பந்தி அம்மாவின் சுவாஹிலி

தாங்கா,
13 அக்டோபர் 1994, வியாழன்

அன்புள்ள ஸுஹுராவின் அப்பாவுக்கு,

நீங்களும் மஸ்கட் வெயிலும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உங்கள் அக்கா பல் பிடுங்கிக்கொண்டதால் வாயே திறப்பதில்லை. வீடு அமைதியாக இருக்கிறது.

கடிதம் கிடைத்தது. மாப்பிள்ளை கவுமா சுவாஹிலியை நொண்டி நொண்டிப் பேசுகிறான், அவன் அம்மா நிச்சயதார்த்தத்தில் ஒரு சொல்கூடப் பேசவில்லை, உகாண்டாக்காரர்களுக்கு நம் மொழி இளக்காரம், அதனால் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் தம்பி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதிவிட்டார் போலிருக்கிறது.

நானும் அப்படித்தான் நினைத்தேன். போன வாரம் சம்பந்தி நான்சுபுகா கம்பாலாவிலிருந்து மறுபடி வந்தார். அவர்கள் ஊர் வழக்கப்படி வாசலில் முழங்காலிட்டு வணங்கினார். வாய் மட்டும் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நாங்கள் முற்றத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தோம். தெருவில் ஒரு லாரி பின்னால் பார்க்காமல் பின்னோக்கி நகர்ந்து வந்தது. அதன் பின்னே உங்கள் அக்கா குனிந்து, சிந்திய மீனைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். சம்பந்தி எழுந்து, "நில்லு! அசையாத!" என்று சுத்த சுவாஹிலியில் ஒரு அதட்டல் போட்டார். லாரி நின்றது. இரண்டு சைக்கிள்காரர்கள் நின்றார்கள். உங்கள் தம்பி இரண்டு கையையும் தூக்கிவிட்டார்! சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

திரும்பிப் பார்த்தால் சம்பந்தி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். "எனக்கு இந்த பாஷை தெரியும்மா," என்று சுவாஹிலியிலேயே சொல் தேடித் தேடிச் சொன்னார். "நில்லு, படு, கதவத் திற, எல்லாத்தையும் வெளிய எடு. எங்க நாட்டுல இது சிப்பாய்ங்க பாஷை, அவங்க எங்க வாசல்ல வந்து சொல்லிக் குடுத்தது. கவுமாவோட அப்பாவ இந்த பாஷையிலதான் கூப்பிட்டுப் போனாங்க. அவரு திரும்பி வரல. இப்ப உங்க பொண்ணு இதே பாஷையில எம் மவன 'கண்ணே'ங்குறா. அத இன்னொரு தடவ கேக்கத்தான் வந்தேன்."

தேங்காய்ப்பாலில் வெந்த வாழைப்பழத்தில் ஒரு துண்டை அவர் வாயில் வைத்து, "தாமு" என்றேன். இனிப்பு. "தாமு," என்று அவரும் சொன்னார்.

அன்றிலிருந்து அவரை நிறுத்த முடியவில்லை. இன்று காலை சந்தையில் வாழைப்பழக்காரரிடம், "எல்லாத்தையும் வெளிய எடு!" என்றார். பாவம், அந்த மனுஷன் இடுப்புப் பையையும் சேர்த்து நீட்டினார். கேள்விப்பட்ட உங்கள் அக்கா, வீங்கிய வாயைத் திறந்து, "இவள ஊருக்கு அனுப்பாத, இங்கயே வச்சுக்கோ," என்றார்.

நிக்காஹ் அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. நீங்கள் வராவிட்டால் உங்கள் தம்பியே உங்கள் இடத்தில் நின்று கவுமாவின் கையைப் பிடித்து நிக்காஹ் செய்துவைக்கலாம், மார்க்கத்தில் இடமுண்டு என்கிறார்கள். சரி என்றுதான் ஸுஹுராவும் சொன்னாள். சொல்லிவிட்டு, உங்கள் வெள்ளை அங்கியைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துவைத்து, இஸ்திரி போட்டு மாட்டியிருக்கிறாள்.

நீங்கள் வரும் வழியெல்லாம் கடல் அமைதியாக இருக்க இறைவன் அருளட்டும்.

உங்கள்,
முவனாஷா