நெற்றியைத் துடைத்த கை

ஐயா,

கல்லறைத் திருநாள் வருகிறதென்று போன வாரம் சுண்ணாம்பு கரைத்த வாளியோடு உங்களிடம் வந்தேன். மழை விட்டிருந்தது. ஈரச் சிமெண்டில் சுண்ணாம்பு பட்டதும் ஒரு வாசம் எழும்புமே, அது என்னை அப்படியே உட்கார வைத்துவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேலாக உங்கள் தலைமாட்டுச் சிலுவைக்கு நான்தான் வெள்ளை அடிக்கிறேன். இந்த முறை கை வரவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போனவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். புருஷன் போன பிறகு பண்டாரவளையில் உங்கள் வீட்டுக்குச் சமைக்க வந்தேன். ஹாலந்தில் காலேஜில் தத்துவம் படிப்பித்தவர், சாமி இல்லை என்று புத்தகம் எழுதினவர் என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்துவிட்டார்கள். எனக்குப் பயமாக இருந்தது. வந்து பார்த்தால் தமிழ் தெரியாமல் உப்புக்கும் சீனிக்கும் கையைக் காட்டிக்கொண்டு நின்றீர்கள்.

தமிழை என் வாயைப் பார்த்துப் பழகினீர்கள். நான் உங்களிடம் மரியாதையாகப் பேச, தமிழென்றாலே அதுதான் என்று நாயைக்கூட "வாங்க, உக்காருங்க" என்றீர்கள். பால்காரர் சிரித்த சிரிப்பில் பால் சிந்தியது. அப்படிச் சொல்லக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தும் நீங்கள் மாற்றவில்லை. நாய்க்கு மட்டும் ஏன் குறைக்க வேண்டும் என்று கேட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குக் கிளம்பினால், "சாமி இருக்கார்ல, கொடை எதுக்கு ரோசம்மா?" என்று கேட்டுக்கொண்டே குடையை எடுத்து நீட்டுவீர்கள்.

ஒருநாள் நான் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அடுப்படி வாசலில் உட்கார்ந்து உங்கள் கதையைச் சொன்னீர்கள்.

"சாமி இல்லன்னதுக்கு எங்க கோயில்ல, நீங்க யூதர் இல்ல, போங்கன்னாங்க. நாஜிப் பட்டாளம் வந்து, நீங்க யூதர், வாங்கன்னாங்க. நான் ஒரே ஆள்தான் ரோசம்மா."

கொல்ல வந்தவனுக்கும் உங்கள் வாயில் மரியாதை. நான் சிரித்துவிட்டேன். பிறகுதான் உங்கள் முகத்தைப் பார்த்தேன்.

உங்கள் அம்மாவையும் தங்கச்சியையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை. உங்களை ஒரு கிறிஸ்தவச் சாமியார் தன் கோயில் பரணில் ஒளித்து வைத்தார். கிறிஸ்தவர் என்று எழுதின ஒரு தாள் இருந்தால் தப்பலாம். அவர் ஒரு செம்புத் தண்ணீரோடு ஏறி வந்து, ஞானஸ்நானத்துக்கு ஊற்றட்டுமா என்று உங்களிடம் கேட்டார். நீங்கள் வேண்டாம் என்றீர்கள். அவர் தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு, தாளை மட்டும் எழுதித் தந்தார்.

உயிர் போகிற நேரத்தில் கொஞ்சம் தண்ணீர்தானே, வாங்கியிருந்தால் என்ன என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. தலை மட்டுந்தான் பாக்கி. அதையும் குடுக்கச் சொல்றீங்களா?"

அதனால், நான் பின்னால் செய்ததைத் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை ஐயா.

தோட்டத்தில் பிள்ளை பிறந்து மூச்சு வாங்கினால், டவுனிலிருந்து ஃபாதர் வந்து சேருமட்டும் தாங்காது. ஆபத்துக்கு யாரும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று சிஸ்டர்மார் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். லயத்து வீடுகளில் நாலு பிள்ளைகளுக்கு நான் ஊற்றியிருக்கிறேன். என் தலைச்சன் பிள்ளைக்கு ஊற்ற ஆளில்லை; நான் மயங்கிக் கிடந்தேன். ஞானஸ்நானம் இல்லாததற்குக் கோயில் நிலத்தில் இடமில்லை என்று அதைத் தேயிலைக்குள் புதைத்தார்கள். அதற்குப் பிறகு காய்ந்த தலையோடு யாரையும் அனுப்ப எனக்கு மனசு துணியவில்லை.

இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன மத்தியானம். ஜன்னலில் பனிமூட்டம் அப்பியிருந்தது. உங்களுக்குப் பேச்சு நின்றிருந்தது, கண் திறந்திருந்தது. அடுப்படியிலிருந்து நீலப் பீங்கான் கோப்பையில் தண்ணீர் எடுத்து வந்தேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்று தலையாட்ட உங்களுக்குத் தெம்பு இருந்தது. அதனால்தான் நான் கேட்கவில்லை.

சூசை என்று பேர் வைத்து ஊற்றினேன். உங்கள் வலது கை மெல்ல எழும்பியது. நெற்றிக்குப் போனது. ஒருதரம் துடைத்தது.

விளக்கு வைக்கும் முன் போய்விட்டீர்கள். அப்போதிருந்த ஃபாதரிடம், ஐயா தானே கையைத் தூக்கிச் சிலுவை போட்டார் என்று சொன்னேன். அவர் அழுதுவிட்டார். கோயில் நிலத்தில் இடம் கிடைத்தது. சாகும் நேரத்தில் சாமியைக் கண்ட வெள்ளைக்காரர் என்று ஊர் முழுக்கக் கதை ஆகிவிட்டது. சொல்லிச் சொல்லி, சில நாள் நானே அந்தச் சிலுவையைப் பார்த்ததுபோல் இருக்கும்.

போன வாரம் நான் அப்படி உட்கார்ந்திருந்தபோது, தன் தாயின் கல்லறையைக் கழுவ வந்த லூர்து மெழுகுவர்த்தியோடு இந்தப் பக்கம் வந்தாள். வருஷா வருஷம் உங்களுக்கும் ஒன்று வைப்பாள்.

"என்னக்கா, வெள்ளைக்கார ஐயாவுக்கு இன்னும் அடிக்கலயா? இடுப்பு புடிச்சிக்கிச்சா?"

"லூர்து, அவர் சிலுவை போடல. நெத்தியத் தொடச்சாரு."

"என்னக்கா சொல்றீங்க?"

"நான் கேக்காம ஊத்தினேன். அவர் தொடச்சாரு."

எம்புள்ளைங்களுக்கெல்லாம் இந்தக் கதையச் சொன்னேனேக்கா என்றாள். பிறகு அந்த மெழுகுவர்த்தியைக் கொண்டுபோய்த் தன் தாயின் கல்லறையில் வைத்தாள்.

இப்போதிருக்கிற ஃபாதரிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். ஊற்றினதை ஊற்றாததாக்க முடியாது, சிலுவையை எடுப்பதைப் பற்றி யோசிப்போம் என்றார். யோசிக்கட்டும். சுண்ணாம்பை வேலியோரம் கொட்டிவிட்டேன்.

ஒன்றை லூர்துவிடமும் சொல்லவில்லை, ஃபாதரிடமும் சொல்லவில்லை. நெற்றியைத் துடைத்த பிறகு அந்த ஈரக் கையை என் கைமேல் வைத்தீர்கள். பொறுத்தீர்களா, போதும் என்று தடுத்தீர்களா, பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று வேண்டியிருந்ததா, தெரியாது. அந்த ஈரம் இன்னும் என் புறங்கையில் இருக்கிறது. அதற்கு மட்டும் நான் ஒரு பேரும் வைக்கவில்லை ஐயா.

ரோசம்மா